மூன்று விழுக்காடு

கோலாலம்பூரில் இன விவாத அரங்கில் பேச வருபவர்கள் முதலில் எச்சில் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எந்த இனத்துக்காகப் பேசுகிறார்களோ, அந்த இனத்தின் ரத்தம் பாதிக்கு மேல் இருந்தால்தான் ஒலிவாங்கி வேலை செய்யும். நாடகாசிரியர் யாழரசி போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. "எங்கள் வலியை நாங்களே பேசுவோம்" என்று பத்து வருடம் எழுதினாள்.

அன்று தோட்டத் தமிழர்களின் வீடுகளை இடிப்பது பற்றிய விவாதம். யாழரசி அம்மா தனபாக்கியத்தையும் அழைத்து வந்து, இருவரும் எச்சில் கொடுத்திருந்தார்கள். திரையில் யாழரசியின் முடிவு வந்தது: தமிழர், மூன்று விழுக்காடு. ஜாவானியர், தொண்ணூற்றேழு.

யாழரசி சிரித்தாள். "யாரோடதோ மாறிப்போச்சு. திரும்ப எடுங்க."

மறுபடியும் அதே எண் வந்தது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தனபாக்கியம் தலை குனிந்திருந்தாள்.

"உன்னப் பெத்தது பக்கத்து வீட்டு ஜாவாக்காரிம்மா. பெர்மிட் இல்லன்னு போலிஸ் புடிச்சிட்டுப் போச்சு. அப்ப நீ மூணு நாள் புள்ள. நான்தான் தூக்கிக்கிட்டேன்."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ மேடையில பேசுறதயெல்லாம் கேட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

அலுவலர் தயங்கினார். "மேடம், உங்களுக்கு அனுமதி இல்ல. அம்மாவோட முடிவு சரியா இருக்கு, அவங்க பேசலாம்."

தனபாக்கியத்தை மேடையேற்றி, யாழரசி எழுதிய உரையைக் கையில் கொடுத்தார்கள். அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்றாள். "எம்பொண்ணு கீழேருந்து சொல்லட்டும், நான் திருப்பிச் சொல்றேன்."

அரங்கம் யாழரசியைப் பார்த்தது. முதல் வரி அவளுக்கு மனப்பாடம். 'தமிழச்சி வயிற்றில் பிறந்தவள் நான்.' அவள் வாயைத் திறந்தாள். அந்த வரியைத் தாண்டி, இரண்டாவது வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.