தானாக ஏறிய கியர்

மீன் வாங்க பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவனுக்கு குயிக்‌ஷிஃப்டர் எதற்கு என்று மெக்கானிக் ஃபஹீமுக்கு இளக்காரம். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் சென்சார் அது. கமலக்கண்ணன் புதியது வாங்காமல், விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றியதைத் தன் ரேஸ் பைக்கில் மாட்டியிருந்தான்.

"கியர் தானா ஏறுது பாய். நாளைக்குத் தங்கச்சிய ஏத்திக்கினு கடலூர் போவணும்."

"சென்சார் கியர் போடாது, கால்தான் போடும். உன் கால அடக்கு."

ஃபஹீம் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, வண்டியை முதல் கியரில் ஓடவிட்டான். சென்சார் வயரைப் பிடுங்கினான்.

"இப்ப ஏறட்டும், பாக்கலாம்."

கியர் லிவர் மேலே எழுந்தது. இரண்டாவது கியர். மறுபடி எழுந்தது. மூன்றாவது. ஆளில்லாத முன்சீட் அமுங்கியிருந்தது.

ஃபஹீம் எஞ்சினை அணைத்தான். சைடு ஸ்டாண்ட் தானாக இறங்கியது. பிறகு சீட் மெதுவாக மேலே வந்தது.