வாடகை அங்கி

அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட, நான் பட்டம் வாங்கிய படம் ஒன்று சுவரில் வேண்டும் என்றாள் அம்மா. நான் இரண்டாம் வருடப் பரீட்சையில் கை நடுங்கி, பாதியில் எழுந்து வந்து கல்லூரியை விட்டவன். இப்போது கூரியர் கிடங்கில் இரவு ஷிஃப்டில் பார்சல் பிரிக்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

ஸ்டுடியோவில் வாடகை அங்கியை மாட்டி, காலண்டர் தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். கை நடுங்கியது.

“வெறும் தாளுக்கே இந்த உதறலா தம்பி?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

அம்மா வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கையும் படத்துல விழுதும்மா.”

“விழட்டும், எடுங்க. அப்புறம் என் கையை மட்டும் வெட்டிடுங்க.”