ஒன்றரை இன்ச்

"ஓரம் சரியில்லை" என்று ஆய்வேட்டைத் திருப்பித் தள்ளினார் கிளார்க்.

கல்லூரியில் ஆனர்ஸ் பிரிவுக்கென்று தனி அறை. ஒரு மேஜை, ஒரு கிளார்க், ஒரு முத்திரை. அந்த முத்திரை விழாமல் யாரும் அங்கே ஆனர்ஸ் பட்டம் வாங்கியதில்லை.

எதிரே நின்றவர் தையல்காரர். ஆய்வேடு அவர் மகளுடையது. ஆனர்ஸ் என்றால் மற்றவர்களைவிட ஆறு பாடம் கூடுதல். ஆறிலும் முதல் வகுப்பு வாங்கிவிட்டாள். பாக்கி இரண்டுதான். இந்த ஆய்வேடு. அப்புறம், மூன்று பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வேண்டிய வைவா.

ஆய்வேடு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மகளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால்தான் தான் வந்ததாகத் தையல்காரர் சொன்னார்.

கிளார்க் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"கொடுத்த தேதியைப் பதிஞ்சாச்சு. தாள்ல விடுற ஓரம் ஒன்றரை இன்ச் இருக்கணும். திருத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க."

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தார். ஒன்றரை.

"இருக்கே சார்."

"அது துணி அளக்கிற டேப்."

மூன்று வாரம் கழித்துப் போனார். பக்க எண் கீழே இருக்கிறதாம், மேலே வரணுமாம். போன தடவையே சொல்லியிருக்கலாமே என்றார் தையல்காரர். போன தடவை ஓரம் மட்டும்தான் பார்த்தேன் என்றார் கிளார்க்.

வீட்டில் மகள் நோட்டில் எழுதிக் காட்டினாள். 'அந்த ஆளுக்கு என்னதான் வேணுமாம்?' கீழே இரண்டு கோடு.

தையல்காரருக்கும் அதே சந்தேகம். அடுத்த தடவை குரலைத் தாழ்த்தினார்.

"சார் அளவுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரட்டுமா?"

"என்கிட்ட சட்டை இருக்கு. அட்டை நீலமா இருக்கு. கருநீலம் வேணும்."

அதே நேரம் வேறொரு மாணவி வந்தாள். அவள் ஆய்வேட்டுக்குப் பச்சை அட்டை. பக்க எண்ணே இல்லை. டொக்கென்று முத்திரை விழுந்தது.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படி சார்?"

"அது வேற."

தையல்காரர் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

நாலாவது தடவை மகளும் கூடவே வந்தாள். டாக்டர் அனுமதி கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா பையைப் பிரிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மாதப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்தது.

"ஓரம் சரி. நம்பர் சரி. அட்டை கருநீலம். இன்னிக்கு என்ன சார் குறை? தையல்காரர் பொண்ணு எழுதினதுதான் குறையா?"

தையல்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நிறுத்தவில்லை. மேலதிகாரி, புகார், மனசாட்சி எல்லாம் வந்தது.

கிளார்க் கடைசிவரை கேட்டார்.

"அரை மணி நேரம் இப்படியே பேச முடியுமாம்மா?"

"ஒரு மணி நேரம்கூடப் பேசுவேன்."

டொக்.

தையல்காரருக்கு விளங்கவில்லை. "திறந்துகூடப் பாக்கலையே சார்?"

கிளார்க் முத்திரையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இது விழுந்தா பத்தாம் நாள் வைவா. தள்ளிப்போட விதியில இடமில்லை. பேசலைன்னா ஆனர்ஸ் போச்சு. திருத்தத்துக்குத் திருப்பின ஆய்வேட்டுக்கு மட்டும்தான் நாள் கணக்கு ஓடாது."

மகள் வாயை மூடிக்கொண்டாள், டாக்டர் சொல்லாமலே.

"அப்போ... அந்த ஓரம்?" என்றார் தையல்காரர்.

"ஒன்றரைதான். உங்க டேப் நல்ல டேப்."