கட்டைவிரல் துரு

இறந்துபோன தன் அப்பாவின் ரிவால்வரை எண்ணெய் விட்டுத் தேய்த்து, துருப்பிடிக்காமலிருக்க மருந்து பூசிக் கறுப்பேற்றிப் பெட்டியில் பூட்டினார் லேத் பட்டறைக்காரர். மறுநாள், தோட்டா உருளையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் புதுத் துரு.

"வெறுங்கையால தொட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கையுறை போட்டிருந்தேனே."

அப்பாவுக்குக் கை எப்போதும் வியர்க்கும். உருளையைத் திறந்து, காலிதானா என்று பார்க்காமல் ஒருநாளும் படுத்ததில்லை.

மூன்று முறை தேய்த்தார். மூன்று முறையும் துரு வந்தது. நான்காம் முறை, பொருந்துகிறதா என்று ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தவர், எடுக்க மறந்து பூட்டிவிட்டார்.

காலையில் ஞாபகம் வந்து, பதறியடித்துத் திறந்தார். உருளை காலி. தோட்டா தனியாக, பெட்டிக்குள் விரித்திருந்த துணிமேல் நின்றது.

"இனிமே நானே பாத்துக்கறேன்ப்பா," என்றார் பெட்டியிடம்.

மறுநாளும் துரு வந்திருந்தது. அப்பா எந்தக் காலத்தில் அவரை நம்பினார்?