போயிட்டு வரேன்

ஜெயஸ்ரீயின் தோலிலிருந்து எடுத்த செல்கள் புதுச்சேரி ஆய்வகத்தில், ஆய்வாளர் துர்காவின் கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தன. செல்லுக்குள் தகவலைக் கடத்தும் ஒரு நொதியின் மரபணு ஜெயஸ்ரீக்குப் பழுது. எந்தத் தகவலும் அந்தச் செல்களைத் தாண்டிப் போகாது. அந்த நோயிலேயே அவள் விருத்தாசலத்தில் இறந்துபோனாள்.

துக்கம் விசாரிக்கப் போன துர்கா, எழும்போது பழக்கத்தில் "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டாள். சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் ஜெயஸ்ரீயின் தாய் பாஞ்சாலை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ தோலு உங்ககிட்ட உசுரோடதான இருக்குது. தெனம் கெளம்பறப்ப அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

துர்கா மறுக்கவில்லை. மாலையில் தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவை மூடும்போது, யாருக்கும் கேட்காமல், "போயிட்டு வரேன்" என்பாள். செல்களில் மாற்றம் எதுவும் இல்லை. மரபணு பழுதாகவே இருந்தது.

நேற்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் பாஞ்சாலை போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை.

"நேத்து அவகிட்ட சொல்லாமயே போயிட்டீங்களாமே."