வண்டிக்குத் தெரிந்த போன்

காரில் ஏறுவதற்கு முன்பே சுவாதி போனை அணைத்துவிட்டாள்.

புளூடூத்தை மட்டும் அணைத்திருந்தால் போதும். ஆனால் பயந்த மனசுக்கு அரைகுறை வேலை ஆகாது. போனையே அணைத்துப் பட்டுப்புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளைப் பையன் ஹரீஷ்குமார். அவளை இன்றுதான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி, ரொம்பக் கவனமாகப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

எட்டு மாதமாக அவள் ஏறி இறங்குகிற கார் அது. ஓசூரில் வேலை முடிந்ததும் பாகலூர் பிரிவு வரைக்கும் தினமும் இருபது நிமிடம். கிட்டே போனாலே போதும், கார் தானாகவே அவள் போனோடு இணைந்துகொள்ளும். திரையில் 'சுவாதி' என்று கொட்டை எழுத்தில் காட்டும். காலையில் அவள் பாதியில் விட்ட பாட்டை மிச்சத்திலிருந்து பாடும்.

ஒரு மாதமாகத்தான் அந்தக் காரில் அவளுக்கு ஒரு சின்னக் குறை. வாரத்தில் ஒரு நாள் முன் சீட் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிக் கிடக்கும். கேட்டால், "எங்க மேனேஜர் வந்தாரு" என்பான் ஹரீஷ். முணுமுணுத்துக்கொண்டே முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

திரையில் அவள் பெயர் மட்டும் இன்று அப்பா கண்ணில் பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

"லவ்வு கிவ்வுன்னு வந்து நின்னா, பையன் ராசாவா இருந்தாலும் எனக்கு வேணாம்" என்று போன பொங்கலுக்குத்தான் அப்பா முனிவேல் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான், இறங்கி வருகிற ஆள் இல்லை. அதனால் தரகர் ஆஞ்சப்பனைப் பிடித்து, ஜாதகத்தை அவர் கையால் கொடுக்கவைத்து, பெண் பார்க்கிற வரைக்கும் நகர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் கம்பெனியில் இந்தப் புளூடூத் விஷயத்துக்குப் பாடம் எடுக்கிறவளே அவள்தான். திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்துச் சொல்வாள்: முதல் தடவை இணையும்போது மட்டும்தான் கேட்கும். வண்டியிலும் சரி என்று அழுத்த வேண்டும், போனிலும் சரி என்று அழுத்த வேண்டும். அப்புறம் அது உங்களைக் கேட்காது. அதனால் கண்ட வண்டியில் பெயரை விட்டுவிட்டு வராதீர்கள், அழித்துவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவும் சொல்கிறவளுக்கு நேற்று சாயங்காலம்தான் தன் பெயர் ஞாபகம் வந்தது. 'வண்டியிலிருந்து என்னை அழி' என்று ஹரீஷுக்குச் செய்தி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலை நம்பிக் கல்யாணத்தைப் பணயம் வைக்க முடியுமா?

பஜ்ஜியும் காபியும் நல்லபடியாக முடிந்திருந்தன. எந்த ஊர், என்ன வேலை, எந்த ஷிப்ட் என்று அப்பா ஒவ்வொன்றாக விசாரித்தார். ஹரீஷ் பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் சொன்னான்.

இனி முனீஸ்வரன் கோயிலில் பூ கேட்பதுதான் பாக்கி. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மேளம். பூவை அப்பாவே விடியற்காலையில் தன் ரோஜாத் தோட்டத்தில் பறித்து வைத்திருந்தார்.

அவர் முன்னால் ஏறினார். முட்டி வலிக்காரர், காலை நீட்டாமல் எந்த வண்டியிலும் அவரால் உட்கார முடியாது. அப்பாடா என்று சாய்ந்துகொண்டார். பின்னால் சுவாதியும் ஹரீஷின் அம்மா சரஸ்வதியும்.

ஹரீஷ் வண்டியை எடுத்தான். திரை விழித்துக்கொண்டு யாரையோ தேடியது. சுவாதி செருகியிருந்த போனைப் புடவைக்கு மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கனெக்டட்" என்றது கார்.

அணைத்த போன் எப்படி?

நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இருந்தது அவள் பெயர் இல்லை.

'அப்பா ரோஜா.'

தோட்டத்து ஆட்களின் போன்களோடு குழம்பக் கூடாது என்று அப்பாவின் போனுக்கு அவளே வைத்த பெயர்.

எங்கேயோ பாதியில் நின்றிருந்த வீடியோ, ஸ்பீக்கரில் கணீரென்று தொடங்கியது: "...மேலாகப் பார்த்தால் செம்பேன் பூச்சி தெரியாது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும்..."

அப்பா அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியில் தெரிந்த ஹரீஷின் காது சிவந்துபோயிருந்தது.

"யாரு போனுங்கண்ணா இது?" என்றார் சரஸ்வதி.

"என்னுதுதாம்மா. இந்தக் காலத்து வண்டிங்க, புதுசா ஏறுறவங்க போனைக்கூடத் தானா இழுத்துக்குது" என்றார் அப்பா, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இழுத்துக்கொள்ளாது. அது அவளை விட யாருக்குத் தெரியும்?

முதல் தடவை வண்டியிலும் சரி என்று அழுத்த வேண்டும், போனிலும் சரி என்று அழுத்த வேண்டும். அவள் பெயரை ஒழுங்காக அழித்த திருட்டுப் பயல், இன்னொரு பெயரை மறந்துபோயிருந்தான்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சந்தோஷம்தான், வேறு என்ன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன் சீட்டைப் பார்த்தாள். அது கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. ஏறியபோது அப்பா அதைத் தொடவே இல்லை.

மேனேஜர் முட்டியை நன்றாக நீட்டிக்கொண்டு, கோயில் வருகிற வரைக்கும் செம்பேனுக்கு மருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.