டார்ச்சை அணைத்த பிறகு

புது டார்ச் கைக்கு வந்த அன்று இரவே, அமாவாசை இருட்டில், விளக்குக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார் என்னையும் எங்கள் நாயையும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாயின் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல் கண்டவர்களைப் பார்த்துக் குரைப்பதால் நாங்கள் வைத்த பெயர்.

அவள் வெளிச்சத்தை அக்கரைக்கு வீசியதும் புதரெல்லாம் கண்கள் முளைத்தன. பச்சை, மஞ்சள், ஜோடி ஜோடியாக.

"அண்ணி, அதோ நரி! அந்தப் பக்கம் மான்! பாருங்களேன்!"

"பாவம், கண்ணு கூசும்டி. கொஞ்சம் அணை."

"அணைச்சா ஒண்ணும் தெரியாது அண்ணி. நம்ம டார்ச் பட்டுத்தானே அதுங்க கண்ணு மின்னுது!"

அணைத்தாள். எல்லாக் கண்களும் சட்டென்று அவிந்தன. ஒரு ஜோடி மட்டும் அப்படியே எரிந்தது.

"அண்ணி, இது புது ஐட்டம்!" சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அந்த ஜோடியும் மறைந்தது.

"ஐயோ, போயிடுச்சே!"

மேனேஜர் குரைக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் திரும்பி, வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஆட்டும் வாலை ஆட்டினான்.

டார்ச் அணைந்தேதான் இருந்தது. எங்கள் மூவரின் நிழலும் எங்களுக்கு முன்னால் கரை மணலில் நீளமாக விழுந்திருந்தது.